இரண்டு விசில்

பழங்காநத்தத்தில் எங்கள் பேத்தி படிக்கும் பள்ளியின் வாசலில், ஜூன் மாதம் முழுக்க என்னைப் பார்த்தவர்களுக்கு நான் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. காலை எட்டே முக்கால் மணிக்கு, வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை கதற, நகரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் விழித்த கிழவன் நான்தான். உங்களில் பலருக்கு நேரில் நன்றி சொல்லியிருக்க வேண்டும். முப்பத்து மூன்று வருடம் பஸ்ஸில் கத்திய தொண்டைக்கு இந்த ஒரு சொல் மட்டும் ஏனோ வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் மகள் செவிலியர். காலை ஏழு மணிக்கு அவளுக்கு வேலை. மருமகன் திருப்பூரில் இருக்கிறார். ஆகவே மூன்று வயது ஏழு மாதப் பிள்ளையை எல்.கே.ஜி. வாசலில் விடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. முதல் நாள் மற்றப் பிள்ளைகள் எல்லாம் அழ, இவள் வேடிக்கை பார்த்தாள். நான் தெரு முழுக்கப் பெருமையடித்தேன். மறுநாள் தொடங்கியது.

"அவள் பார்க்காத நேரமாக நழுவிவிடுங்கள்" என்று வாசலில் நின்ற ஒருவர் யோசனை சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நானும் நழுவினேன். அன்று மாலையிலிருந்து வீட்டில் நான் கழிவறைக்குப் போனாலும் கதவுக்கு வெளியே உட்கார்ந்து, "தாத்தா இருக்கிறாயா?" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருந்தாள். நான் எந்த நேரமும் காணாமல் போகக்கூடிய ஆள் என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான்.

நான்காம் நாள் பள்ளியின் ஆயா என்னைத் தனியே கூப்பிட்டார். "ஐயா, சொல்லாமல் போகாதீர்கள். சொன்ன பிறகு நிற்காதீர்கள்." அவ்வளவுதான் சொன்னார். அந்த இரண்டு வாக்கியத்துக்காகவே இந்த மடல் என்றாலும் தகும்.

மதுரை அரசு பஸ் கழகத்துக்குப் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் என்று பெயர் இருந்த காலத்தில், 1988-இல் நடத்துநராகச் சேர்ந்தவன் நான். ஒரு விசில் கொடுத்தால் வண்டி நிற்க வேண்டும். இரண்டு கொடுத்தால் கிளம்ப வேண்டும். இரண்டு விசில் கொடுத்துவிட்டு வண்டியை நிறுத்தியே வைத்திருந்தால் உள்ளே இருப்பவர்களில் பாதிப் பேர் இறங்கிவிடுவார்கள். வாசலில் நான் செய்துகொண்டிருந்தது அதைத்தான். "போய்வருகிறேன் பாப்பா" என்று சொல்லிவிட்டுப் பத்து நிமிடம் ஜன்னலில் எட்டிப் பார்த்தால் எந்தப் பிள்ளை அடங்கும்?

பீரோவில் கிடந்த என் பழைய விசிலை எடுத்து அவளிடமே கொடுத்தேன். அவள் இரண்டு முறை ஊதினால் நான் கிளம்ப வேண்டும், விசிலை நான் பத்திரமாக வைத்திருந்து திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தம். வீட்டில் பஸ் விளையாட்டு விளையாடிப் பழகியவள் ஆயிற்றே, சட்டம் தெரியும். வாசலுக்கு வந்ததும் ஒரே ஒரு முறை ஊதினாள். நான் நின்றுவிட்டேன். மூன்று நாள் இப்படியே. காவலாளி அண்ணன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வகுப்பு மணியை அடிக்கும் வேலையை ஆயா அவளுக்குத் தருவதாகச் சொன்ன அன்றுதான், அவசரத்தில் இரண்டு ஊதிவிட்டு உள்ளே ஓடினாள்.

வகுப்பு ஆசிரியைக்கு நன்றி. "பன்னிரண்டரைக்கு வருவேன் என்றால் அவளுக்குப் புரியாது. பாட்டு முடிந்து, தயிர்சாதம் சாப்பிட்டு முடித்ததும் தாத்தா நிற்பேன் என்று சொல்லுங்கள்" என்றவர் அவர். ஒரு நாள் வங்கி வரிசையில் மாட்டிக்கொண்டு நான் பதறியபோது, சந்து பொந்தெல்லாம் நுழைந்து கொண்டுவந்து சேர்த்த ஆட்டோக்காரத் தம்பிக்கும் நன்றி. "கண்டக்டரிடமே டிக்கெட் காசு வாங்குவதா?" என்று அவர் பணம் வாங்க மறுத்துவிட்டார். அந்தக் கடன் இன்னும் நிற்கிறது.

டீக்கடைக்காரர் என் ரகசியம் அறிந்தவர். நான் டீ குடிக்க வருவதாகப் பாவனை செய்து, பள்ளிச் சுவர்ப் பக்கமே காதை வைத்திருப்பேன். "அழுகை நின்று பத்து நிமிடம் ஆகிறது, நீங்கள்தான் இன்னும் நிற்கவில்லை" என்று கிளாஸைப் பிடுங்கி என்னை வீட்டுக்கு அனுப்பியவர் அவர். மாலையில் தன் வீட்டுத் திண்ணையில் எங்கள் பிள்ளையை டீச்சராக்கி, தான் அழுகிற மாணவியாக உட்கார்ந்த எதிர்வீட்டு அம்மாவையும் மறக்க மாட்டேன். என் வீட்டுக்காரிக்கு நன்றி சொன்னால் கோபம் வரும். ஆனால் பிள்ளையை அரை மணி நேரம் முன்னதாக எழுப்பி, சீருடையை இரவே எடுத்து வைத்துக் காலைக் கூச்சலை ஒழித்தவள் அவள்.

மகளுடன் பணிபுரியும் குழந்தை மருத்துவர் எங்கள் பயத்தைத் தெளிவித்தார். எட்டு, ஒன்பது மாதத்தில் தலைகாட்டும் இந்தப் பிரிவுப் பயம் பிறகு தணிந்து, பள்ளி சேரும்போது மறுபடி வருவது வழக்கம். பெரும்பாலும் சில வாரத்தில் அடங்கிவிடும். ஒரு மாதம் தாண்டியும் சாப்பாடு, தூக்கம் கெடும்படி நீடித்தால் அழைத்து வாருங்கள் என்றார். லீவு முடிந்தால் திரும்ப வரும் என்றும் எச்சரித்தார். காலாண்டு விடுமுறைக்குப் பிறகு அப்படியே வந்தது. மூன்று நாள், மறுபடி ஒற்றை விசில்.

"அழுதால் டீச்சர் ஊசி போடுவார், போலீஸ் பிடித்துக்கொண்டு போகும்" என்று அவளை மிரட்டியவர்களும் உண்டு. அவர்களுக்கு நன்றி இல்லை.

விஜயதசமிக்கு ஒரு பையன் புதிதாகச் சேர்ந்திருக்கிறான். அவன் தகப்பனார் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஜன்னலருகே நின்றுகொண்டே இருக்கிறார். நேற்று என் பேத்தி அவர் எதிரில் போய் நின்று இரண்டு முறை ஊதினாள். அவருக்குப் புரியவில்லை. ஆயா அக்கா, நீங்களே அவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

நன்றியுடன்,
விசில்காரப் பிள்ளையின் தாத்தா,
பழங்காநத்தம், மதுரை.