நீச்சல் முடிந்த பிறகான அரை மணி நேரம்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பருவத் தேர்வுகள் நல்லபடியாக முடிந்தன. விளையாட்டு விழாவிலும் கண்காட்சியிலும் பங்கேற்ற எல்லாப் பிள்ளைகளுக்கும் பாராட்டுகள்.

ஏரி நீச்சல் வகுப்பைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. அழைத்துப்போக இருபது நிமிடம் தாமதமாவதும், மாற்றுத்துணிப் பை வீட்டிலேயே தங்கிவிடுவதும் பள்ளி வாசலில் பெரிய விஷயமில்லை. குளிர்ந்த நீர்க்கரையில் அப்படியில்லை. கரையேறிய பிறகும் 10 முதல் 30 நிமிடம் வரை உடலின் உள்வெப்பம் இறங்கிக்கொண்டே போகலாம். தண்ணீரில் சிரித்த பிள்ளைக்குக் கரையில்தான் பல் தந்தியடிக்கும். எடையோடு ஒப்பிட்டால் பிள்ளைகளுக்குத் தோல்பரப்பு அதிகம். அதனால் நம்மைவிடச் சீக்கிரம் குளிர்ந்துவிடுவார்கள்.

“அவனுக்குத்தான் பழகிவிட்டதே” என்கிறார்கள் சிலர். ஐந்தாறு முறை, சில நிமிடங்கள் இறங்கிப் பழகினால் முதல் நிமிடத்து மூச்சுத்திணறல் வெகுவாகக் குறையும். உண்மைதான். ஆனால் பழகுவது மூச்சுதான்; உடற்சூடு போவது போய்க்கொண்டேதான் இருக்கும். பழகியவர்களுக்குக் குளிர் அவ்வளவாக உறைப்பதில்லை என்பதால் நேரம் போவதே தெரியாது.

ஈரத்துணியைக் களைந்ததும் துடைத்து, மேலுடம்பை முதலில் மூடுங்கள். பிறகு கம்பளித் தொப்பி, காலுறை. பொத்தான் வைத்த சட்டை வேண்டாம், விறைத்த விரல்களுக்கு அது பிடிபடாது. தலைவழி மாட்டும் தொளதொள உடை போதும். கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொடச் சொல்லுங்கள். தொட முடியாவிட்டால் நீங்களே உடுத்திவிடுங்கள். வெதுவெதுப்பாக, இனிப்பாக ஏதாவது குடிக்கக் கொடுக்கலாம். உடனே வெந்நீரில் நிறுத்தாதீர்கள்: தோலின் இரத்தக்குழாய்கள் விரிந்து, இரத்த அழுத்தம் சரிந்து, மயங்கி விழக்கூடும். உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே உடல் ஆபத்தில் இருக்கிறது. பேச்சு குழறினாலோ, உடம்பு சூடேறாமலே நடுக்கம் நின்றாலோ நடக்கவிடாமல் படுக்கவைத்து ஆம்புலன்ஸை அழையுங்கள்.

ஆகவே, பை இல்லாத பிள்ளை இனி தண்ணீரில் இறங்காது. வகுப்பு முடிவதற்குப் பத்து நிமிடம் முன்பே பெற்றோரில் ஒருவர் கரையில் இருக்க வேண்டும். “இன்னும் ஒரு சுற்று” என்று கரையிலிருந்து குரல் கொடுப்பதும் கூடாது. எப்போது ஏறுவது என்பதைப் பயிற்சியாளர்தான் சொல்வார். இதில் விதிவிலக்கு கிடையாது.

உங்கள் வேலை நெருக்கடி எங்களுக்குப் புரியாமலில்லை. வர முடியாத நாளில் முன்கூட்டியே சொல்லிவிட்டால் மாற்று ஏற்பாடு செய்துகொள்ளலாம். பிளாஸ்க்கில் வெதுவெதுப்பான பானம் கூடுதலாகக் கொண்டுவந்து பக்கத்துப் பிள்ளைக்கும் ஊற்றிக்கொடுத்த பெற்றோருக்கு எங்கள் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்