எதிர்க்கரையைத் திறந்துவிடுங்கள்

தமிழ்நாடு அரசின் நீர்வளத்துறைக்கும் சுற்றுலாத்துறைக்கும், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மயிலாடுதுறை மாவட்ட ஆட்சியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம். திருவையாற்றை அடுத்த ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலையில் இருந்த காலம் முழுவதும் பள்ளிக்குச் சைக்கிளில்தான் போனேன். இன்றும் கடைக்கும் கோயிலுக்கும் வயலுக்கும் சைக்கிள்தான். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்க இதை எழுதுகிறேன். காவிரிக் கரையின் மேல் ஏற்கெனவே கிடக்கும் மண்பாதையை, கல்லணையிலிருந்து பூம்புகார் வரை, சைக்கிளில் போகிறவர்களுக்கும் நடந்து போகிறவர்களுக்கும் விட்டுவிடுங்கள். மோட்டார் வண்டிகள் அதை ஊடுவழியாக்கிக்கொள்ளாமல் காத்துக்கொடுங்கள்.

புதிதாகச் சாலை போடச் சொல்லவில்லை. யாருடைய நிலத்தையும் எடுக்கச் சொல்லவில்லை. கரை அரசினுடையது. அதன்மேல் உங்கள் ஜீப் போய்வர வழி இருக்கிறது. அந்த வழியைத்தான் கேட்கிறேன்.

கல்லணையையும் காவிரிப்பூம்பட்டினத்தையும் இணைக்கும் சாலை ஒன்று உண்டு; மாநில நெடுஞ்சாலை 22. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் நெல்லும் வாழையும் கொடிக்காலும். அந்தச் சாலையில் சைக்கிள் மிதிப்பதைப் போன்ற இன்பம் ஒரு காலத்தில் வேறு இருந்ததில்லை. இப்போது எதிரெதிரே இரண்டு பேருந்துகள் வந்தால் சைக்கிள்காரன் மண்ணில் இறங்கித்தான் ஆக வேண்டும். ஒரு மார்கழிக் காலையில், பனி விலகாத நேரத்தில், எனக்கு முன்னால் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி போய்க்கொண்டிருந்தாள். பின்னால் வந்த பேருந்தின் ஹாரன் சத்தத்தில் பதறி ஓரத்தில் இறங்கியவள், சைக்கிளோடு சரிவில் புரண்டுவிட்டாள். முழங்காலில் சிராய்ப்பு, புத்தகப் பையெல்லாம் சேறு. அவளைத் தூக்கி நிறுத்திவிட்டு நிமிர்ந்தேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம், எதிர்க்கரையில், மரநிழலில் ஒரு பாதை கிடந்தது. எருமை ஓட்டிக்கொண்டு போன ஒரு பெரியவரைத் தவிர அதில் யாருமே இல்லை.

அது அரசு கொடுத்த சைக்கிள். மேல்நிலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு விலையில்லாச் சைக்கிள் கொடுப்பது இந்த மாநிலம் செய்த மிக நல்ல காரியங்களில் ஒன்று என்று நினைக்கிறவன் நான். அதைக் கொடுத்த நாளில் பிள்ளைகளின் முகம் எப்படி இருந்தது என்பதை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த மார்கழிக்குப் பிறகு அவளுடைய அப்பா அவளைச் சைக்கிளில் அனுப்பவில்லை. இப்போது நெரிசலான பேருந்தில் தொங்கிக்கொண்டு போகிறாள். சைக்கிள் திண்ணையோரம் துருவேறி நிற்கிறது. வண்டியைக் கொடுத்த அரசு அதை அச்சமின்றி ஓட்ட ஒரு வழியையும் கொடுக்க வேண்டாமா?

கரைக்குப் போக வேண்டியவர்கள் சுற்றுலாப் பயணிகள் மட்டும்தான் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே இதை முதலில் சொன்னேன்.

காவிரிக்குக் கரை எடுத்தவன் கரிகாலன் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு பேசுகிறது. அவனுக்குப் பின் இந்தக் கரையை ஊர்களே குடிமராமத்தாகக் காத்து வந்தன. பிறகு பொதுப்பணித்துறை வந்தது. என் சிறுவயதில் எங்கள் பகுதிக் கரையைப் பார்த்துக்கொண்ட லஸ்கரை நன்றாக நினைவிருக்கிறது. காக்கிச் சட்டை, சைக்கிளின் பின்னால் கட்டிய மண்வெட்டி. வெள்ளம் வரும் நாட்களில் இரவும் பகலும் கரைமேல் போய்வருவார். எலி வளை, நண்டு வளை, மண் உள்வாங்கிய இடம் எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. கரையில் சைக்கிள் ஓட்டிய முதல் ஆள் உங்கள் துறையின் ஊழியர்தான். இன்று லஸ்கர்களின் எண்ணிக்கை குறைந்துவிட்டது. கரையைத் தினமும் பார்க்கிற கண்களும் குறைந்துவிட்டன. இரவில் படுகைக்குள் இறங்கி மணல் அள்ளுகிற வண்டிகளுக்கு ஆளில்லாத கரையைப் போல வசதியானது வேறில்லை. காலையும் மாலையும் பிள்ளைகளும் பெரியவர்களும் போய்வருகிற கரையில் அது அவ்வளவு எளிதாக நடக்காது.

இனி, அந்தப் பாதை எந்த ஊர்களின் வழியே போகும் என்று பாருங்கள். எங்கள் ஊர்ப் பக்கத்தைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த மனம் வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்லணையில் நின்றால் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிகிற இடத்தைக் கண்ணால் காணலாம். அங்கிருந்து கிழக்கே ஒரு காலைப் பொழுது மிதித்தால் திருவையாறு. புஷ்ய மண்டபப் படித்துறையில் முகம் கழுவிக்கொண்டு, தியாகராஜர் 1847இல் அடங்கிய இடத்துக்கு நடந்தே போய்விடலாம். இங்கே ஏழூர்த் திருவிழா என்று ஒன்று உண்டு. சித்திரையில் ஐயாறப்பரின் பல்லக்கு திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்று ஊர் ஊராகப் போய்த் திருவையாற்றுக்குத் திரும்பும். பல்லக்கோடு மக்களும் நடப்பார்கள். ஆற்றைக் கடப்பார்கள், வரப்பில் போவார்கள், ஒவ்வோர் ஊரிலும் மோரும் பானகமும் கிடைக்கும். வாகனம் இல்லாமல் ஆற்றோரம் ஊர் ஊராகப் போவது எங்களுக்குப் புதிதல்ல. அந்த ஏழூர் வழி இன்றும் எங்கள் கால்களுக்குத் தெரியும்.

இன்னும் கிழக்கே போனால் சுவாமிமலை. அங்கே ஸ்தபதிகள் மெழுகில் உருவம் செய்து அதன்மேல் பூசுகிற மண், காவிரியின் வண்டல். அந்த மண்ணின் நயம்தான் சிலையின் விரல் நகம் வரை தெளிவாக வார்க்க உதவுகிறது என்பார்கள். இதைக் காரில் போகிறவர் கடையில் சிலையாக மட்டும் பார்ப்பார். கரையோரமாகப் போகிறவர் மண்ணைப் பார்த்துவிட்டுச் சிலைக்கு வருவார். பிறகு கும்பகோணம், பக்கத்தில் தாராசுரம். திருபுவனத்தில் பட்டுத் தறி. திருவிடைமருதூர், மருத மரத்தால் பெயர் பெற்ற ஊர். ஆற்றங்கரையில் மருதம் இன்னும் நிற்கிறது. குத்தாலம் தாண்டி மயிலாடுதுறையில் துலாக் கட்டம். ஐப்பசி முழுவதும் மக்கள் நீராடுகிற படித்துறை. அங்கிருந்து பூம்புகார். கோவலனும் கண்ணகியும் புகாரை விட்டு மேற்கே நடந்ததும் காவிரிக் கரை வழியேதான் என்பது நாம் எல்லோரும் பள்ளியில் படித்த கதை. மொத்தம் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஏற்றமே கிடையாது. அறுபது வயதைத் தாண்டிய நான் மூன்று நாளில் நிதானமாகப் போய்விடுவேன்.

இது நடக்கக்கூடியது என்று எனக்கு உறுதி வந்தது வேறொரு ஆற்றங்கரையில். மகனைப் பார்க்க ஜெர்மனிக்குப் போயிருந்தபோது, அவனும் நானும் வாடகைச் சைக்கிளில் டான்யூப் கரை வழியே பாசாவிலிருந்து வியன்னா வரை போனோம். முன்னூறு கிலோமீட்டருக்கு மேல். பாசாவில் மூன்று ஆறுகள் கூடுகின்றன. அதைப் பார்த்ததும் எனக்கு ஐந்து ஆறுகளின் ஊரான திருவையாற்றின் நினைவுதான் வந்தது. அந்தக் கரைப்பாதையைச் சைக்கிளுக்காக யாரும் போடவில்லை. நீராவிக் கப்பல் வருவதற்கு முன்பு, ஆற்றின் எதிர்ப்போக்கில் படகுகளைக் குதிரைகள் கயிறு கட்டி இழுத்துப் போன பாதை அது. கப்பல் வந்ததும் குதிரைகள் போய்விட்டன. பாதை, ஆற்றைப் பராமரிக்கும் துறையின் கையில் அப்படியே இருந்தது. 1980களில்தான் அது நெடுந்தூரச் சைக்கிள் வழியாகப் பெயர் பெற்றது. மோட்டார் வண்டிக்குத் தடை, சைக்கிளுக்கு அனுமதி என்று பலகை நட்டிருக்கிறார்கள். துறையின் வண்டி வந்தால் நாம் ஒதுங்கி நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

மெல்க் நகரில் குன்றின்மேல் பெரிய மடாலயம். டியூர்ன்ஸ்டைனில் இங்கிலாந்து மன்னன் ரிச்சர்டைச் சிறை வைத்த கோட்டையின் இடிபாடு. ஆனால் அவற்றைவிட என் மனத்தில் நின்றது வேறு. வழியில் சின்னச் சின்ன ஊர்களில் வீட்டு வாசலில் 'அறை உண்டு' என்று பலகை மாட்டியிருந்தார்கள். ஒரு மூதாட்டி தன் தோட்டத்து ஆப்ரிகாட் பழத்தைத் தட்டில் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். அந்த ஊரில் வாகனத்தில் போகிற யாரும் நிற்கமாட்டார்கள். சைக்கிளில் போகிறவனுக்குப் பசிக்கும், தாகம் எடுக்கும், இருட்டுவதற்குள் தங்க வேண்டும். அவன் காசு பெரிய ஓட்டலுக்குப் போகாமல் சின்ன ஊரில் இறங்குகிறது. கணபதி அக்ரகாரத்திலும் கபிஸ்தலத்திலும் இட்லிக் கடை வைத்திருக்கும் பெண்களை அப்போது நினைத்துக்கொண்டேன்.

எப்படிச் செய்யலாம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பொறியியல் உங்களுக்குத் தெரியும்; கரை எனக்குத் தெரியும்.

தார் போட வேண்டாம், சிமெண்ட் போட வேண்டாம். கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டு, உருளை ஓட்டி இறுக்கினால் போதும். மழையில் வழுக்காது, வெயிலில் கொதிக்காது. கரை உடைப்பெடுத்தால் அந்த இடத்தைத் தோண்டி மண்மூட்டை அடுக்கவும் தடையிராது. ஊர்ச் சாலை கரையில் ஏறுகிற ஒவ்வோர் இடத்திலும் நடுவில் கல்தூண் நட்டு, துறை வண்டிக்கு மட்டும் பூட்டைத் திறந்து எடுக்கும்படி வையுங்கள். கரையை நம்பித்தான் வயலுக்குப் போகிற விவசாயிகள் இருக்கிறார்கள். அவர்களுடைய மாட்டுவண்டியையும் அறுவடைக் கால டிராக்டரையும் தடுத்துவிடாதீர்கள். நான் தடுக்கச் சொல்வது, குறுக்கு வழி தேடி வேகமாக ஓடுகிற வண்டிகளையும் லாரிகளையும். கிளையாறு பிரியும் இடங்களில் தலைப்பு மதகின் மேல் நடந்து கடக்க முடிகிற இடங்கள் பல உண்டு. அவற்றுக்கு நல்ல கைப்பிடிச் சுவர் வேண்டும். மதகு இல்லாத இடத்தில் பக்கத்துப் பாலத்துக்கு வழிகாட்டிப் பலகை வேண்டும். வெள்ள எச்சரிக்கை நாளில் பாதையை மூடிவிடுங்கள். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் மதகுகள் அடித்துக்கொண்டு போனதைப் பார்த்த எங்களுக்கு ஆற்றின் பலம் தெரியும்; யாரும் குறை சொல்லமாட்டோம்.

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் வழியாக மயிலாடுதுறைக்கு ரயில் போகிறது. ஆற்றைவிட்டு வெகுதூரம் விலகாமல் பாபநாசம், ஆடுதுறை, குத்தாலம் என்று நின்று நின்று போகிறது. களைத்தவர்கள் சைக்கிளோடு ஏறித் திரும்பும்படி பயணிகள் ரயிலில் ஓர் இடம் ஒதுக்க ரயில்வேயிடம் பேசுங்கள். தங்குவதற்குப் புதிய விடுதி கட்ட வேண்டாம். மராட்டியர் காலத்தில் வழிப்போக்கர்களுக்கென்றே சத்திரம் கட்டிய மண் இது. பாழடைந்து கிடக்கிற பழைய கட்டடங்களில் இரண்டு அறையைச் சரிசெய்து, குழாயும் கழிப்பறையும் வைத்தால் போதும்.

என் அச்சத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இப்படி ஒரு திட்டம் வந்தால் முதலில் மரம் வெட்டுவார்களோ என்று பயப்படுகிறேன். கரையில் நிற்கிற நாவலும் புங்கையும் மருதமும் இலுப்பையும்தான் அந்தப் பாதை. அவை போனால் சித்திரை வெயிலில் அங்கே யாரும் கால் வைக்க முடியாது. சீமைக் கருவேலத்தை வேரோடு எடுங்கள், மற்றதைத் தொடாதீர்கள். வண்ணக் கற்கள், அலங்கார வளைவுகள், உயரமான விளக்குக் கம்பங்கள் எதுவும் வேண்டாம். கரையோரத்தில் பல தலைமுறைகளாகக் குடிசை போட்டு வாழும் ஏழைகளைப் பாதையின் பெயரால் கிளப்பிவிடாதீர்கள். அப்படி ஒரு குடும்பம் வெளியேற்றப்பட்டுத்தான் எனக்குப் பாதை கிடைக்கும் என்றால், அந்தப் பாதை எனக்கு வேண்டாம். இதை முழு மனத்தோடு எழுதுகிறேன்.

கரையின் இன்றைய நிலையை நான் மறைக்கவில்லை. உடைந்த மதுப்புட்டிகள் கிடக்கின்றன. ஊர்க் கழிவுநீர் விழுகிற இடங்களில் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் கடக்க வேண்டும். சில இடங்களில் குப்பை கரையை விழுங்கிவிட்டது. ஊரின் முதுகுப்புறமாகக் கரை இருக்கும்வரை இதெல்லாம் இருக்கும். திருவையாற்றில் படித்துறைப் பக்கம் மட்டும் ஏன் சற்றுத் துப்புரவாக இருக்கிறது? அங்கே தினமும் ஆள் வருகிறார்கள்.

அடுத்த மகாமகம் 2028இல் வருகிறது. கும்பகோணத்துக்கு அப்போது எவ்வளவு கூட்டம் வரும் என்பதும், அதற்காகச் சாலைகளை எப்படியெல்லாம் அகலப்படுத்துவீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அந்தப் பணத்தில் மிகச் சிறிய பங்கை எடுத்து, திருவையாற்றிலிருந்து கும்பகோணம் வரையிலான கரையை மட்டும் முதலில் சரிசெய்யுங்கள். மகாமகத்துக்குச் சைக்கிளில் வருகிறவர்களும் நடந்து வருகிறவர்களும் கரை வழியே வரட்டும். கிழக்கே பூம்புகாருக்கும் மேற்கே கல்லணைக்கும் பிறகு நீட்டிக்கொள்ளலாம்.

அதற்கு முன், வருகிற தை மாதத்தில் ஒரு நாள் நீங்கள் வர வேண்டும். மேட்டூர் அணையை மூடுவதற்கு முன், ஆற்றில் தண்ணீர் இருக்கும்போதே வாருங்கள். சம்பா அறுவடை நடந்துகொண்டிருக்கும். ஜீப்பைத் திருவையாற்றில் நிறுத்திவிடலாம். சைக்கிள்களுக்கு நான் ஏற்பாடு செய்கிறேன். எங்கள் ஊரில் திண்ணையோரம் நிற்கிற சைக்கிள்கள் போதுமானவை இருக்கின்றன. சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, காற்றடித்து வைக்கிறேன். காலை ஆறு மணிக்குப் புஷ்ய மண்டபப் படித்துறையில் காத்திருப்பேன்.

இப்படிக்கு,
காவிரிக் கரையில் வாழும்
ஓய்வு பெற்ற ஆசிரியன் ஒருவன்