படத்தில் இருப்பது உச்சி அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், கிளிமஞ்சாரோ சிகரத்தை எட்டிய குமரி மாவட்டச் செவிலியர் என்று ஒரு செய்தி வந்தது. அந்தச் செவிலியர் நான்தான். ஊர் சரி, வயது 59 என்பதும் சரி, 33 ஆண்டு அரசுப் பணி என்பதும் சரி. சிகரம் மட்டும் தவறு. ஆப்பிரிக்காவில், தான்சானியா நாட்டில் இருக்கும் 5,895 மீட்டர் உயரமுள்ள அந்த மலையின் உச்சியை நான் எட்டவில்லை. ஏறத்தாழ 5,300 மீட்டரில் என்னைத் திருப்பிக் கீழே கொண்டுவந்துவிட்டார்கள்.

செய்தியோடு வந்த படத்தில் தேசியக் கொடியைப் பிடித்துக்கொண்டு நான் நிற்கும் இடம் பராஃபு முகாம், உச்சிக்குப் புறப்படுமுன் தங்கும் கடைசி முகாம். எனக்குப் பின்னால் இருக்கும் மரப்பலகையில் முகாமின் பெயரும் 4,673 மீட்டர் என்ற உயரமும் எழுதியிருக்கின்றன. அச்சில் அது மங்கிப்போய்விட்டது. படத்தைத் தங்கள் நிருபருக்கு அனுப்பியது என் தங்கை மகன். நிருபர் தொலைபேசியில் கேட்டபோது "மேலே போய்விட்டு வந்தேன்" என்று சொன்னது நான். எதுவரை என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆகவே பிழையில் பாதிக்கு மேல் என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாளே தங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். அதற்குள் குடியிருப்போர் சங்கத்தில் பொன்னாடை போர்த்திவிட்டார்கள். திருவட்டாறு சந்திப்பில் 'சிகரம் தொட்ட சிஸ்டர்' என்று ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார்கள். ஒரு பள்ளியில் பேசக் கூப்பிட்டார்கள். போனேன், பேசினேன், உச்சியைப் பற்றிய பகுதியை மட்டும் வேகமாகத் தாண்டினேன். பிள்ளைகள் கைதட்டியபோது சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தப் பொன்னாடையையும் மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

இப்போது எழுத வைத்தவர் பக்கத்துத் தெரு அண்ணன். அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 63. ரத்த அழுத்தத்துக்கு இரண்டு வகை மாத்திரை சாப்பிடுகிறார். மாதம் ஒருமுறை என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுத்தம் பார்த்துக்கொண்டு போவார். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு ஏத்தன் வாழைக்குலையோடு வந்தார். "சிஸ்டரே ஏறிவிட்டீர்கள், எனக்கு என்ன கேடு? நானும் பணம் கட்டிவிட்டேன்" என்றார். ஐம்பதாயிரம் முன்பணம். மலையில் ஐந்தே நாள், உச்சிக்கு நூறு சதவீத உத்தரவாதம் என்று ஒரு பயண நிறுவனம் சொல்லியிருக்கிறது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஒரு தவறான செய்தி ஒரு மனிதரை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது பாருங்கள்.

அந்த நிறுவனத்தோடு முதலில் நானும் பேசியிருக்கிறேன். உத்தரவாதம் என்றால் என்ன பொருள் என்று கேட்டேன். "எப்படியாவது ஏற்றிவிடுவோம் மேடம்" என்றார் அங்கே பேசியவர். பிரசவ வார்டில் இருந்தவள் நான். 'எப்படியாவது' என்ற சொல் யார் வாயிலிருந்து, எந்த நேரத்தில் வரும் என்று எனக்குத் தெரியும். தொலைபேசியை வைத்துவிட்டேன். பிறகு வேறொரு குழுவில், மச்சாமே என்ற மலைப்பாதை வழியாக ஏழு நாள் பயணத்துக்குச் சேர்ந்தேன். விமானம், விசா, தடுப்பூசி, வாடகைக்கு எடுத்த குளிர்ச் சட்டை எல்லாம் சேர்த்து நான்கு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆயிற்று. ஓய்வூதியப் பலனில் மகள் தொடக்கூடாது என்று நான் ஒதுக்கி வைத்திருந்த பணம் அது.

ஆறு மாதம் பயிற்சி எடுத்தேன். ஞாயிறுதோறும் விடியுமுன் பஸ் பிடித்துப் பொற்றையடி போய் மருந்துவாழ் மலை ஏறுவேன். அனுமன் தூக்கிப்போன சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்று நம்மவர்கள் சொல்லும் அதே மலைதான். முதுகுப்பையில் ஐந்து கிலோ அரிசி இருக்கும். உச்சியில் நின்றால் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் தென்னந்தோப்பு, காற்று ஆளைத் தள்ளும். காலுக்கு நல்ல பயிற்சி. ஆனால் கடல் மட்டத்தில் வாழ்கிறவர்களுக்கு உயரத்தைப் பழக்கிவைக்க நம் மாவட்டத்தில் மலையே கிடையாது. கிளிமஞ்சாரோவில் முதல் இரவு நாங்கள் படுத்த முகாமே, தென்னிந்தியாவில் எல்லாவற்றையும்விட உயரமான ஆனைமுடியைவிட (2,695 மீட்டர்) மேலே இருந்தது.

மலையடிவாரம் வரை எனக்கு அந்நிய நாடு என்ற நினைப்பே இல்லை. மோஷி நகரத்திலிருந்து வண்டி ஏறினால் வழியெல்லாம் வாழைத் தோட்டம், நடுநடுவே காப்பிச் செடி. அங்கே வாழும் சாகா மக்கள் வாழைக்காயை இறைச்சியோடு குழைய வேகவைத்து ஒரு சூப் வைக்கிறார்கள். மரச்சீனிக் கிழங்கும் உண்டு. காலையில் முகாமில் கொடுப்பது கஞ்சி. குழுவில் இருந்த மற்றவர்கள் அதைக் கண்டு முகம் சுளித்தார்கள். எனக்கு ஒரு துண்டு கருவாடு மட்டும் கூட இருந்திருந்தால் போதும். சுமை தூக்கும் பையன்கள் என்னை 'மாமா' என்று கூப்பிட்டார்கள். முதல் நாள் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். சுவாஹிலி மொழியில் அம்மாவுக்கு அதுதான் சொல்.

வழிகாட்டி இல்லாமல் யாரும் அந்த மலையில் ஏறக்கூடாது என்பது அந்தத் தேசியப் பூங்காவின் விதி. எங்கள் குழுவில் ஆறு பேருக்கு மூன்று வழிகாட்டிகள். "போலே போலே" என்பார்கள், மெதுவாக மெதுவாக என்று பொருள். நம் ஊர் தேர் நகர்வதைவிட மெதுவாக நடத்திக் கொண்டுபோவார்கள். மூன்றாம் நாள் 4,600 மீட்டர்வரை ஏற்றிவிட்டு, தூங்குவதற்கு மறுபடி 4,000 மீட்டருக்குக் கீழே இறக்கினார்கள். ஏறிய கால் வலியில் எனக்கு எரிச்சலாக வந்தது. உயரத்தை உடம்புக்குக் காட்டிவிட்டுத் தாழ்ந்த இடத்தில் தூங்கவைத்தால்தான் உடம்பு பழகும் என்றார்கள். ஐந்து நாள் பயணத்தில் இதற்கெல்லாம் நேரம் கிடைப்பது கடினம்.

தினமும் மாலையில் தலைமை வழிகாட்டி ஒரு படிவத்தோடு வருவார். ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டுவார். கொரோனா காலத்தில் நம் வீடுகளில் எல்லாம் இருந்த அதே கருவி. தலைவலி உண்டா, குமட்டல் உண்டா, தலைசுற்றல் உண்டா, தூங்கினாயா என்று கேட்டு எழுதிக்கொள்வார். பராஃபு முகாமில் எனக்கு 81 காட்டியது. வார்டில் அந்த எண்ணைப் பார்த்தால் நான் ஓட்டமாக ஓடுவேன். அந்த உயரத்தில் அது பலருக்கும் வரக்கூடியதுதான் என்றார் அவர்.

தலைவலி உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன்.

பொய். மத்தியானத்திலிருந்தே பின்மண்டையில் இடித்துக்கொண்டிருந்தது. இரண்டு பாராசிட்டமால் மாத்திரையைக் கூடாரத்துக்குள் யாருக்கும் தெரியாமல் விழுங்கியிருந்தேன். நெஞ்சு வலியை வாயுப் பிடிப்பு என்று மறைக்கும் நோயாளிகளை 33 ஆண்டு திட்டியவள் நான். செலவழித்த பணம் கண்முன் நின்றது, வழியனுப்ப வந்த ஊரும் நின்றது. உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர நோய்க்கு முன்கூட்டியே கொடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரையையும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். கண் நீரழுத்த நோய்க்காகக் கண் பிரிவில் எத்தனையோ பேருக்கு எடுத்துக் கொடுத்த மாத்திரை அது. அதைச் சாப்பிட்டால் விரல் நுனி மரத்துப்போகும், அடிக்கடி சிறுநீர் வரும். பழகுவதற்கு உதவும் என்பதல்லாமல், அதை விழுங்கியவருக்கு நோயே வராது என்று யாரும் சொல்ல முடியாது.

நள்ளிரவில் புறப்பட்டோம். தலையில் விளக்கு, முன்னால் போகிறவரின் குதிகால், அவ்வளவுதான் உலகம். கடற்கரையில் நமக்குக் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய பாதிதான் அங்கே கிடைக்கிறது. நான்கு மணி இருக்கும். தண்ணீர் குடிக்க நின்றபோது சட்டையின் ஜிப்பை என்னால் பிடிக்க முடியவில்லை. மூன்று முறை தடவினேன். தலைமை வழிகாட்டி அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். என்னைத் தனியே கூப்பிட்டு, பாதையில் ஊன்றுகோலால் ஒரு கோடு கிழித்து, ஒரு காலின் குதியை மறுகாலின் விரலோடு ஒட்டி வைத்து நடக்கச் சொன்னார். இந்த நடையை நான் நன்றாக அறிவேன். குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர்களை இரவில் போலீசார் கூட்டிவரும்போது மருத்துவர் நடக்கச் சொல்வது இதே நடைதான். நான்காவது அடியில் பக்கவாட்டில் சாய்ந்தேன். கல் தட்டியது என்றேன். மறுபடி நடக்கச் சொன்னார். இந்த முறை மூன்றே அடி.

மூளையில் நீர் கோக்கத் தொடங்கினால் முதலில் தடுமாறுவது நடைதான். அப்போது செய்ய வேண்டியது கீழே இறங்குவது. மற்ற மருந்தெல்லாம் அதற்குப் பிறகுதான். இது எனக்குத் தெரியாததா? தெரிந்தும் வாதாடினேன். "நான் நர்ஸ், எனக்கு என் உடம்பு தெரியும்" என்று எனக்கு வந்த ஆங்கிலத்தில் கத்தினேன். அவர் பதில் பேசவில்லை. என் பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். மற்ற இரண்டு வழிகாட்டிகளிடம் குழுவை ஒப்படைத்துவிட்டு, என் தோளைப் பிடித்து மலைக்கு முதுகு காட்டித் திருப்பினார். இறங்கும் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன். முகாமை அடையும்போது விடிந்திருந்தது. தலைவலி பாதியாகக் குறைந்திருந்தது. அதோடு விடாமல் இன்னும் கீழே இறக்கினார்கள். அன்று மாலை 3,100 மீட்டரில் இருக்கும் முவேகா முகாமில் வலியும் இல்லை, தள்ளாட்டமும் இல்லை. பசிதான் இருந்தது. மற்ற ஐந்து பேரும் உச்சி ஏறிவிட்டு வந்தார்கள். மறுநாள் பூங்கா வாசலில் அவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். எனக்குக் கிடையாது. அதுவும் சரியே.

ஆகவே யாராவது என் பெயரைச் சொல்லிக்கொண்டு அந்த மலைக்கோ, அதைவிடப் பெரிய மலைக்கோ பணம் கட்டப் போனால், ஒன்றைக் கேட்டுவிட்டுக் கட்டட்டும். எனக்கு முடியாமல் போனால் என்னோடு யார் இறங்குவார்? ஆறு பேருக்கு ஒரே வழிகாட்டி என்றால், ஒருவருக்காக எல்லோரும் திரும்ப வேண்டும், அல்லது அந்த ஒருவரை இழுத்துக்கொண்டு ஏற வேண்டும். அவர்களுடைய 'எப்படியாவது' என்பதற்கு அர்த்தம் அப்போதுதான் விளங்கும். எனக்கு மூன்று பேர் இருந்ததால் ஒருவர் இறங்கினார். நான் கொடுத்த பணத்தில் உருப்படியாகச் செலவானது அந்த ஒருவரின் சம்பளம்தான் என்று இன்று நினைக்கிறேன். திரும்பி வருவதில் வெட்கம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: 1889-இல் கிளிமஞ்சாரோ உச்சியை முதலில் எட்டிய ஹான்ஸ் மேயரும் 1887-இல் பனி விளிம்புவரை போய்த் திரும்பியவர்தான்.

ஓட்டுநர் அண்ணனிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டேன். நிறைய நேரம் பேசாமல் இருந்தார். குலையைத் திருப்பித் தரட்டுமா என்று கேட்டேன், சிரித்தார். இதய மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் மிச்சப் பணம் என்று சொல்லியிருக்கிறார். முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பது வேறு கதை. ஃப்ளெக்ஸை எடுக்கச் சொல்லிச் சங்கத்தாரிடமும் கேட்டேன். "இருக்கட்டும் அக்கா, ஏறியது ஏறியதுதானே" என்கிறார்கள். மழையில் ஒரு பக்கம் கிழிந்து தொங்குகிறது. மறுபக்கமும் கிழிய நான் காத்திருக்கிறேன்.

திருத்தத்தைச் செய்தி வந்த அதே பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன். படத்தையும் மறுபடி போடுவதாக இருந்தால், வெட்டாத முழுப் படத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். தாங்கள் அச்சிட்டதில் இடது ஓரத்தில் ஒரு முழங்கை மட்டும் தெரிகிறதே, அது அந்த வழிகாட்டியுடையது.

இப்படிக்கு,
தங்கள் செய்தியில் வந்த ஓய்வு பெற்ற செவிலியர்,
திருவட்டாறு, கன்னியாகுமரி மாவட்டம்.