நேபாளம் போய் வந்தோம்

கர்த்தருக்குள் அன்பான நண்பனுக்கு,

ஸ்தோத்திரம். நீ கேட்டிருந்தது ஒரு வரியில் பதில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. அதனால்தான் திரும்பி வந்து சாவகாசமாக எழுதலாம் என்று வைத்திருந்தேன். உங்கள் சபை வாலிபர்களை அடுத்த கோடை விடுமுறையில் நேபாளத்துக்கு அழைத்துப் போகலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் போகலாம். ஆனால் நீ அனுப்பிய திட்டத்தில் பாதியை இப்போதே கிழித்துப் போட்டுவிடு.

எங்கள் வாலிபர்களோடு போன பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ரப்திசாகர் எக்ஸ்பிரஸில் கோரக்பூர், அங்கிருந்து பஸ்ஸில் சோனௌலி, எல்லையை நடந்தே தாண்டினோம். நமக்கு விசா தேவையில்லை. கடிகாரத்தை 15 நிமிடம் முன்னால் தள்ளி வைத்தபோதுதான் வேறு நாட்டுக்கு வந்துவிட்டோம் என்பதே பையன்களுக்கு உறைத்தது.

முதலில் உன் விடுமுறை வேதாகமப் பள்ளி. மே மாதம் நமக்குத்தான் விடுமுறை. அங்கே கல்வி ஆண்டு ஏப்ரல் நடுவில், அவர்களுடைய பைசாக் மாதத்தில் தொடங்குகிறது. நாம் பாட்டும் பொம்மலாட்டமுமாகப் போய் இறங்கும்போது பிள்ளைகள் புதுப் புத்தகத்துக்கு அட்டை போட்டுப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். எங்களுக்கு இதை நாங்கள் போகவிருந்த கிராமத்தின் போதகர் போனிலேயே சொல்லிவிட்டார். "சாயங்காலம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். இருந்தார்கள். அதையே செய்தோம்.

அடுத்தது நீங்கள் கொடுக்க நினைக்கும் சுவிசேஷக் கைப்பிரதிகள். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், கமிட்டியில் படித்துக் காட்டு. நேபாளத்தின் 2015 அரசியலமைப்பு யாரும் தன் மதத்தைப் பின்பற்ற உரிமை தருகிறது. ஆனால் இன்னொருவரை மதம் மாற்றுவதைத் தடை செய்கிறது. 2018 ஆகஸ்டில் அமலுக்கு வந்த குற்றவியல் சட்டத்தின் 158ஆம் பிரிவு அதற்கு ஐந்து ஆண்டு வரை சிறையும் 50,000 நேபாள ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. வெளிநாட்டுக்காரர் என்றால் தண்டனை முடிந்த ஏழு நாளுக்குள் நாட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள். இந்தச் சட்டம் நியாயமா என்று நாம் இரவு முழுக்க விவாதிக்கலாம், எனக்கும் அதில் கருத்து உண்டு. ஆனால் பஸ் ஸ்டாண்டில் பிரதி கொடுத்துவிட்டு மறுநாள் ரயிலேறிவிடும் நம் பையனுக்கு ஒன்றும் ஆகாது. விசாரணைக்குக் கூப்பிடப்படுவது அந்த ஊர்ப் போதகர்தான். நம்முடைய தைரியத்துக்கு அவர் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

போட்டோவும் அப்படித்தான். ஞானஸ்நானம், ஜெபக்கூட்டம், முழங்காலில் நிற்கும் விசுவாசிகள் என்று எதையும் பேஸ்புக்கில் போடக் கூடாது, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் கூடாது என்று புறப்படும் முன்பே சொல்லிவிட்டேன். ஒரு பையனுக்கு முகம் தொங்கிப்போனது. மலையை மட்டும் எடுத்துக்கொள் என்றேன். எடுத்தான், நானூறு படம் இருக்கும்.

நம் ஆட்களுக்கு இன்னொரு நினைப்பும் உண்டு, நாம் போய்த்தான் அங்கே சுவிசேஷம் தொடங்க வேண்டும் என்று. நேபாளச் சபையின் கதை தெரிந்தால் அப்படிப் பேச மாட்டார்கள். நேபாளி மொழியில் முழு வேதாகமம் 1914இல் வந்தது. அதற்காக உழைத்த கங்கா பிரசாத் பிரதான் டார்ஜிலிங்கில் வாழ்ந்த நேபாளி. பிறந்த மண்ணிலேயே ஊழியம் செய்யலாம் என்று குடும்பத்தோடு காத்மாண்டுவுக்குப் போனவரைக் கிறிஸ்தவனுக்கு இங்கே இடமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பரம்பரைப் பிரதமர்களாக நாட்டை ஆண்ட ராணாக்களின் ஆட்சி 1951இல் முடிந்த பிறகுதான் கதவு திறந்தது. 1954இல் வந்த யுனைடெட் மிஷன் டு நேபாள் மருத்துவமும் கல்வியும் செய்யலாம், மதம் பரப்பக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் உள்ளே விடப்பட்டது. சபையைக் கட்டியது நேபாளிகளேதான், அதில் பலர் சிறைக்கும் போனவர்கள். 2021 கணக்கெடுப்பில் நேபாளக் கிறிஸ்தவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். நாம் அங்கே விருந்தாளிகள், அவ்வளவுதான்.

சரி, பிறகு என்னதான் செய்தோம் என்று கேட்பாய். மண் சுமந்தோம். சிந்துபால்சோக் மாவட்டத்தில் ஒரு மலைச்சரிவுக் கிராமம். மழைக்காலத்துக்கு முன் வழிபாட்டு வீட்டுக்குப் பின்னால் ஒரு தாங்குசுவர் எழுப்ப வேண்டும். ஜூனில் மழை பிடித்துக்கொண்டால் சரிவு இறங்கிவிடும். ஜீப் ரோட்டோடு நின்றுவிடும். அதற்கு மேல் மணலும் கல்லும் டோக்கோவில்தான் போக வேண்டும். டோக்கோ என்பது மூங்கிலில் முடைந்த கூம்புக் கூடை, முதுகில் கிடக்கும். ஆனால் பாரத்தைத் தாங்குவது தோள் இல்லை, தலை. நாம்லோ என்ற பட்டையை உச்சந்தலைக்குக் கொஞ்சம் முன்னால் மாட்டிக்கொண்டு குனிந்தபடி ஏறுகிறார்கள். நம் ஜிம் பையன்கள் முதல் நடையிலேயே கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அறுபது வயது அம்மா ஒருவர் நிறைகூடையோடு அவர்களைத் தாண்டிப் போனார், போகிற போக்கில் ஏதோ சொன்னார், கிராமமே சிரித்தது. என்ன சொன்னார் என்று போதகர் கடைசிவரை சொல்லவில்லை. ஒருவழியாக எங்களைக் கூடையிலிருந்து விடுவித்து, வரிசையாக நிற்க வைத்துக் கல்லைக் கைமாற்றச் சொன்னார்கள். அதை ஒழுங்காகச் செய்தோம்.

ஆராதனை அங்கே சனிக்கிழமை. நெடுங்காலமாக வார விடுமுறை அன்றுதான். செருப்பை வெளியே விட்டுப் பாயில் உட்கார்ந்து, மாதல் என்ற மேளத்தோடு பாடுகிறார்கள். பார்க்கிறவர்கள் எல்லாம் கைகூப்பி "ஜெய் மசீ", அதாவது கிறிஸ்துவுக்கு ஜெயம், என்கிறார்கள். 2015 ஏப்ரல் 25 பூகம்பமும் ஒரு சனிக்கிழமைதான், 11.56 மணிக்கு. பள்ளிக்கூடங்கள் பூட்டியிருந்ததால் எத்தனையோ பிள்ளைகள் பிழைத்தார்கள். ஆனால் சபைகள் கூடியிருந்த நேரம் அது. நாடு முழுக்கக் கிட்டத்தட்ட 9,000 பேர் இறந்தார்கள், மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்த ஒரு மாவட்டத்தில். ஆராதனை நேரத்தில் இன்றும் கதவைச் சாத்துவதில்லை. குளிர்காலத்திலுமா என்று கேட்டேன். ஆமாம், கம்பளி போர்த்திக்கொள்வோம் என்றார் போதகர்.

உன் கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தாய், இத்தனை பேர் போய் வரும் செலவை அப்படியே அங்கே அனுப்பினால் என்ன என்று. எனக்கும் அது உறுத்தாமல் இல்லை. கணக்கு மட்டும் பார்த்தால் நீ சொல்வதுதான் சரி. உள்ளூர்க் கொத்தனார் எங்களைவிட நல்ல சுவர் கட்டுவார். ஆகவே சுவருக்காகப் போகிறோம் என்று நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்ளக் கூடாது. கொத்தனார் கூலிக்கும் காணிக்கை எடுத்துக்கொண்டுதான் போனோம், அது வேறு. 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் நம் ஊர் ஊழியர் அசரியா வெள்ளைக்கார மிஷனரிகளைப் பார்த்து, நீங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டாரே, இப்போது நாம் மறுபக்கத்தில் நிற்கிறோம் என்று தோன்றியது. கணக்குச் சொல்லிக் கொடுத்த பெண்ணிடம் அந்தப் பிள்ளைகள் இப்போதும் போனில் சந்தேகம் கேட்கிறார்கள், பாதி இந்தி பாதி ஆங்கிலத்தில். அடுத்த வருஷமும் அதே கிராமத்துக்கே போவது என்று முடிவு செய்திருக்கிறோம். புது இடம் பார்க்கலாமே என்று கேட்டவர்களுக்கு டூரிஸ்ட் பஸ் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

காத்மாண்டுவில் ஓர் அனாதை இல்லத்துக்கு அழைத்தார்கள், பிள்ளைகளோடு ஒரு நாள் விளையாடிவிட்டுப் போங்கள் என்று. போகவில்லை. அங்குள்ள பல இல்லங்களில் பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். பார்க்க வருகிறவர்களின் காசுக்காகவே கிராமங்களிலிருந்து கூட்டி வரப்படும் பிள்ளைகளும் உண்டு. நம் வாலிபர்கள் அழுது, முத்தம் கொடுத்து, செல்பி எடுத்துத் திரும்பினால் அந்த வியாபாரத்துக்குத்தான் தீனி. உன் திட்டத்தில் இரண்டு இல்லங்கள் இருப்பதைப் பார்த்தேன். எடுத்துவிடு.

மருத்துவ முகாமும் வைத்திருக்கிறாய். வெளிநாட்டு டாக்டர் அங்கே ஊசி போடுவதற்கு நேபாள மெடிக்கல் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு வாங்க வேண்டும். உங்கள் டாக்டரிடம் இப்போதே சொல், கடைசி வாரத்தில் நடக்கிற காரியம் இல்லை. அப்புறம், ஒரே நிறத்தில் வசனம் அச்சடித்த டீ-ஷர்ட் வேண்டாம். அந்தப் பணத்துக்கு நல்ல பிடிப்புள்ள ஷூ வாங்கச் சொல்.

இங்கே எல்லாரும் சுகம். என் முட்டிதான் இன்னும் மலையிலிருந்து இறங்கவில்லை. தைலத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். உன் மகளுக்குக் காலேஜில் இடம் கிடைத்துவிட்டதா? கமிட்டி என்ன சொல்கிறது என்று எழுது. போதகரின் நம்பரை அவரிடம் கேட்டுவிட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் கூட்டாளி