அந்தப் பிரேக் பேடில் எதையும் தடவ விடாதே

மாப்ள சிவா,

நலமா? இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை, காலையில் கோயில் வரை நடந்தே போய் வருகிறார். உன் தோப்பில் வெள்ளை ஈ அடங்கியதா, இல்லை மட்டையெல்லாம் இன்னும் கருப்படித்துத்தான் நிற்கிறதா? வாத்தியார் பையன் கல்யாணத்துக்கு நீ வரவில்லை என்று மணி இன்னும் உன்னைத் திட்டுகிறான். அது உங்கள் இருவர் பாடு, நான் நடுவில் வரவில்லை.

நேற்று போனில் நீ சொன்னதற்காகத்தான் இந்தக் கடிதம். காருக்கு ரேஸ் பிரேக் பேட் வாங்கிப் போட்டேன், பிரேக் பிடித்தால் ஆனைமலைக் கடைவீதியே திரும்பிப் பார்க்கிறது, மெக்கானிக் ஏதோ தடவித் தருகிறேன் என்கிறார், அடுத்த வாரம் குடும்பத்தோடு வால்பாறை போகிறோம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அந்த "ஏதோ தடவி" என்ற வார்த்தையைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை.

பேடின் முகத்திலோ, அது கவ்விப் பிடிக்கிற சக்கரத்து டிஸ்க்கிலோ எண்ணெய், கிரீஸ், ஸ்ப்ரே எதுவும் படக் கூடாது. யார் சொன்னாலும் கூடாது. உங்கள் அப்புச்சி தோட்டத்துக் கிணற்றில் சகடை கத்துமே, நாம் எண்ணெய் விட்டால் அடங்கிவிடுமே, பிரேக் கத்துவதும் அதே சங்கதிதான். ஒட்டுகிறது, வழுக்குகிறது, மறுபடி ஒட்டுகிறது. இது நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை நடக்கும்போது டிஸ்க்கும், பேடை அதன் மேல் அழுத்துகிற காலிப்பரும் சேர்ந்து அதிர்ந்து கீச்சென்கிறது. ஆனால் சகடையின் வேலை சுற்றுவது, பேடின் வேலை நிறுத்துவது. உராய்வைக் குறைத்துச் சத்தத்தை அடக்கினால் வண்டி நிற்பதையே குறைத்ததாகிவிடும்.

நீ வாங்கியது டிராக்கில் ஓட்டுவதற்கான பேட். அந்தக் கலவையில் இரும்பு அதிகம், சூட்டைத் தாங்கும், ஆனால் சூடேறினால்தான் நன்றாகக் கடிக்கும். பால் சொசைட்டிக்குப் போய் வருகிற வேகத்தில் அது சூடாகவே ஆகாது. கம்பெனி பேட் சாந்தமாக இருப்பதற்குக் கலவை மட்டும் காரணமில்லை, முதுகில் தகடும் ரப்பரும் அடுக்கிய ஷிம் ஒன்று அதிர்வை விழுங்கிக்கொண்டிருக்கும், பலவற்றில் ஓரத்தைச் சாய்வாகச் சீவி நடுவில் ஒரு வெட்டும் கொடுத்திருப்பார்கள். வெளியில் வாங்கும் பேட் பலவற்றில் இதில் ஏதாவது ஒன்று விட்டுப்போயிருக்கும். ஆகவே கொஞ்சம் கத்துவது அதன் பிறவிக் குணம் என்று விட்டுவிடலாம். விடக் கூடாத சத்தமும் உண்டு, கார் ஓட்டுகிறவர்கள் பலரும் இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள்.

ஸ்பானரை எடுப்பதற்கு முன்னால் சும்மா ஓட்டிக் கேள். கண்ணாடிகளை இறக்கிவிட்டு, பக்கத்தில் சுவர் இருக்கிற சந்தில் மெதுவாகப் போ, சத்தம் சுவரில் பட்டுத் திரும்பும், எந்தப் பக்கத்துச் சக்கரம் என்று தெரிந்துவிடும். காலைக் குளிரில் கத்திவிட்டு நாலைந்து தடவை அழுத்தியதும் அடங்கினால் பேடின் குணம், அல்லது இரவு ஈரத்தில் டிஸ்க்கில் ஏறிய மேல்துரு. சூடான பிறகு கத்த ஆரம்பித்தால் பேட் முகம் வெந்து பளபளவென்று இறுகியிருக்கிறதா என்று பார். பிரேக்கைத் தொடாமலே சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒருமுறை சர்... சர்... என்று தேய்த்தால் டிஸ்க் ஓட்டம் நேராக இல்லை, இல்லாவிட்டால் அதற்குப் பின்னால் இருக்கிற தகரம் வளைந்து உரசுகிறது, நம் தோட்டத்து மண் பாதையில் அதற்குள் கல் மாட்டுவதும் சகஜம். ரிவர்ஸ் எடுத்துவிட்டு முன்னால் போகும்போது முதல் பிரேக்கில் மட்டும் ஒரு "டக்" வந்தால் பேட் இருக்கையில் ஆடுகிறது, அதைப் பிடித்திருக்கும் கிளிப்பைப் போடாமல் விட்டிருப்பார்கள். வளைவில் திருப்பும்போது உறுமல் ஏறி இறங்கினால் அது பிரேக்கே இல்லை, வீல் பேரிங். இரும்பும் இரும்பும் கரகரவென்று அரைத்தால் அங்கேயே வண்டியை ஓரம் கட்டு.

என் ஆக்டேவியா காரில் இரண்டு சத்தம் கலந்து வந்ததுதான் பெரிய குழப்பமாகிவிட்டது. நிற்கப் போகும் கடைசிப் பத்தடியில் கீச் என்று ஒன்று. நேராகப் போகும்போதே இடது முன் சக்கரத்தில் மெல்லிய தேய்ப்பு இன்னொன்று. பேட் மாட்டிக் கொடுத்த இடத்தில் கேட்டால் டிஸ்க் இரண்டையும் மாற்றிவிடலாம் என்றார்கள், கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு நாள் அவிநாசி ரோட்டில் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி வந்து, பட்டறை வாசலில் நிறுத்தியதும் சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனேன். வலது பக்கம் வெதுவெதுப்பு. இடது பக்கம் கிட்டவே போக முடியவில்லை, தீய்ந்த வாடை வேறு.

கழற்றினால், ஒரே காலிப்பரில் வெளிப்பக்கத்துப் பேட் ஏறக்குறையப் புதுசு, உள்பக்கத்துப் பேட் பாதிக்கு மேல் காலி, அதுவும் சாய்வாகத் தேய்ந்திருந்தது. காலிப்பர் முன்னும் பின்னும் நகர்வதற்கு இருக்கிற "பின்" என்கிற கம்பி நகரவே இல்லை, ஜாம். இழுத்து உருவினால் அதன் ரப்பர் ஊதிப்போய், பிசுபிசுவென்று கையில் கருப்பாக ஒட்டியது. பேரிங்குக்கு வைக்கிற சாதா கிரீஸை அங்கே அப்பியிருக்கிறார்கள் மாப்ள. பெட்ரோலிய கிரீஸ் பட்டால் அந்த ரப்பர் ஊதும், ஊதினால் பின்னைக் கவ்விக்கொள்ளும், அப்புறம் நீ காலை எடுத்தாலும் பேட் டிஸ்க்கை விடாது. டிஸ்க் எவ்வளவு ஆடுகிறது என்று அளக்க டயல் கேஜை வைத்துச் சுற்றினேன். ஆட்டம் 0.05 மி.மீ. தாண்டினால்தான் கவலைப்பட வேண்டும், முள் அதில் பாதி கூட ஆடவில்லை. கனமும் டிஸ்க்கிலேயே அடித்திருக்கிற குறைந்தபட்ச அளவுக்கு மேல் நிறைய இருந்தது. அதைத்தான் மாற்றச் சொன்னார்கள்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. லேத் வைத்திருக்கிற எனக்கே இப்படி என்றால் அளந்து பார்க்கத் தெரியாதவர்கள் எத்தனை பேர் இப்படி டிஸ்க் வாங்கியிருப்பார்கள்?

புது பின், புது ரப்பர், அதற்கென்றே இருக்கிற சிலிக்கான் கிரீஸ். பேட் உட்காரும் இடத்துத் துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, புதுக் கிளிப், முதுகுக்கு ஷிம். பேட் ஓரத்தை அரத்தால் லேசாகச் சாய்த்தேன், மூக்கைக் கட்டிக்கொண்டுதான், அந்தத் தூசியைக் கம்ப்ரசர் காற்றால் ஊதவே கூடாது. தேய்ப்பு அன்றைக்கே போய்விட்டது. கீச் பாதியாகக் குறைந்தது.

மீதிப் பாதி போனது செட்டிபாளையத்தில். கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்கை 2003-ல் திறந்த புதிதில் நாம் பஸ் ஏறிப் போய் வேலியோரம் நின்று பார்த்தோமே, அங்கேதான். புதுப் பேட் போட்டால் அதன் பொருள் டிஸ்க்கில் மெல்லிசாக, ஒரே சீராகப் படிய வேண்டும். அதற்கு வேகத்திலிருந்து 20 கி.மீ. வரை அழுத்திக் குறைப்பது, நிற்காமல் மறுபடி வேகம் எடுப்பது, இப்படி எட்டுப் பத்துத் தடவை செய்துவிட்டு, பிரேக் தொடாமல் ஆறும்வரை ஓட்ட வேண்டும். கொதிக்கிற டிஸ்க்கோடு நின்று பெடலை மிதித்துக்கொண்டிருந்தால் அந்த ஓர் இடத்தில் மட்டும் பேடின் அச்சு விழும், பிறகு ஸ்டியரிங் உதறும், டிஸ்க் வளைந்துவிட்டது என்பார்கள். மெயின் ரோட்டில் இதைச் செய்யப் போகாதே, பின்னால் வருகிறவனுக்கு உன் கணக்கு தெரியாது.

இப்போது வால்பாறை. 40 கொண்டை ஊசி வளைவு, பின் சீட்டில் பிள்ளைகள். அன்றைக்கு இறக்கத்தில் வாத்தியார் வண்டியில் பெடல் தரை வரை போனதே, அந்த ஐந்து நிமிஷத்தை நானும் மறக்கவில்லை, நீயும் மறந்திருக்க மாட்டாய். ஒன்றரை டன் வண்டி 100 கி.மீ. வேகத்திலிருந்து ஒருமுறை நிற்கும்போது வருகிற சூட்டில் சுமார் இரண்டு லிட்டர் பச்சைத் தண்ணீர் கொதித்துவிடும். இறக்கத்தில் அந்தச் சூடு திரும்பத் திரும்ப ஏறும். டாட் 4 பிரேக் ஆயில் புதுசாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, காற்றின் ஈரத்தைக் குடித்த பிறகு அதன் வரம்பு 155 டிகிரிக்கு வந்துவிடும். அது கொதித்தால்தான் பெடல் அப்படித் தரைக்குப் போகும். உன் வண்டியில் எப்போது மாற்றினாய் என்று உனக்கே நினைவில்லை என்றால் மாற்று. ஒரு காலிப்பர் என்னுடையதைப் போல ஜாமாகி ஓயாமல் உரசிக்கொண்டிருந்தால் மலை இறங்குவதற்கு முன்பே அந்தச் சக்கரம் சூடாகிக் கிடக்கும்.

இன்னொன்று, விடிகாலையில் பனியில் வால்பாறையிலிருந்து கிளம்பினால் முதல் வளைவில் அந்த ரேஸ் பேட் பச்சையாக இருக்கும், கடிக்காது. ஆகவே இந்தப் பயணத்துக்குப் பழைய கம்பெனி பேடையே திரும்ப மாட்டு. டிராக்குக்குப் போகும்போது மற்றதைப் போட்டுக்கொள், ஆசைக்கு நான் தடை சொல்லவில்லை. ஏறின கியரிலேயே இறங்கு.

சனிக்கிழமை மதியத்துக்கு மேல் லேத் சும்மாதான் இருக்கும், வண்டியை எடுத்துக்கொண்டு வா, நாலு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்துவிடலாம். பழைய பேட், ஷிம், கிளிப் எல்லாவற்றையும் மெக்கானிக்கிடம் இன்றைக்கே கேட்டு வாங்கிவிடு. தூக்கிப் போட்டுவிட்டேன் என்று சொன்னால் உடனே போன் செய், புதுசு வரவழைக்க இரண்டு மூன்று நாளாகும். சாப்பாடு இங்கேதான் என்று தங்கச்சியிடம் சொல்லிவிடு.

ரவி