காய்ச்சலுக்காகக் காத்திருக்கக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

சில மயக்க மருந்துகள் பட்டதும் சிலருக்குத் தசை கட்டுக்கடங்காமல் எரிந்து உயிருக்கே ஆபத்தாகும் மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியாவை ‘மயக்க மருந்துக் காய்ச்சல்’ என்று எழுதுவதை நிறுத்த வேண்டும். அந்தப் பெயரை நம்பித் தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தால் நோயாளி கை நழுவிவிடுவார். சூடு பெரும்பாலும் பிந்தித்தான் ஏறும். முதலில் ஏறுவது அவர் வெளிவிடும் மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடு. வென்டிலேட்டரைக் கூட்டிவைத்த பிறகும் மானிட்டரில் 40-இல் இருந்த அந்த எண் 55, 60 என்று போய்க்கொண்டே இருக்கும். நாடி படபடக்கும். மயக்க மெஷினில் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் சோடா லைம் டப்பாவைத் தொட்டால் கை சுடும். தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் ஊசி போட்டதும் தளர வேண்டிய தாடை இறுகினால் அப்போதே சந்தேகப்பட வேண்டும்.

கோளாறு தசையில் இருக்கிறது. பெரும்பாலும் ஆர்.ஒய்.ஆர்.1 மரபணுவில் பிழை. செவோஃப்ளுரேன், ஐசோஃப்ளுரேன் போன்ற வாயு மருந்தோ சக்சினைல்கோலினோ பட்டதும் தசைச் செல்லின் கால்சியம் மதகு மூட மறுக்கிறது. தசை ஓயாமல் எரிகிறது; அமிலமும் பொட்டாசியமும் ரத்தத்தில் கொட்டுகின்றன. இதயம் நிற்பது இதனால்தான்.

வாயு மருந்தை உடனே மூடி, 100 சதவீத ஆக்சிஜனை நிமிடத்துக்கு 10 லிட்டருக்குக் குறையாமல் விட்டு, மயக்கத்தைப் புரொபோஃபால் ஊசி மருந்தில் தொடர வேண்டும். மெஷினை மாற்றுவதில் நேரம் போக்க வேண்டாம். இதற்கான மாற்று மருந்து டான்ட்ரோலீன்: உடல் எடையில் கிலோவுக்கு 2.5 மி.கி., அடங்கும்வரை திரும்பத் திரும்ப. 70 கிலோ ஆளுக்கு முதல் டோஸே 175 மி.கி.; அதாவது 20 மி.கி. குப்பி ஒன்பது. ஒவ்வொன்றிலும் 60 மி.லி. ஊசி நீர் விட்டுக் குலுக்க வேண்டும். சலைன் விட்டால் திரிந்துவிடும். ஒருவர் கையால் ஆகிற வேலை இல்லை, கலக்குவதற்கென்றே மூன்று நான்கு பேர் வேண்டும். மருத்துவமனையில் 36 குப்பி இருப்பு வைப்பது அதிகம் என்று கணக்குப் பார்ப்பவர்கள், 70 கிலோ ஆளுக்கு அது ஏறக்குறைய நான்கு டோஸ்தான் என்பதைப் பார்க்க வேண்டும். டான்ட்ரோலீனோடு வெராபமில் என்ற இதய மருந்து கூடவே கூடாது. சூடு ஏறிய உடம்பைக் குளிர்விப்பதை 38 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியதும் நிறுத்தலாம். அடங்கிய பிறகும் திரும்பத் தலைதூக்கலாம், ஆகவே 24 மணி நேரமாவது தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்து, தசை சிதைவதைக் காட்டும் வகையில் சிறுநீர் கோலா நிறமாகிறதா என்று பார்க்க வேண்டும்.

முன்பு மயக்கம் கொடுத்தபோது ஒன்றும் ஆகவில்லை என்பது உத்தரவாதம் ஆகாது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. ரத்த உறவில் எவராவது மயக்கத்தில் இறந்திருந்தால் மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். ஆபரேஷன் நின்றுவிடாது, புரொபோஃபால், கெட்டமின், முதுகுத்தண்டு ஊசி எல்லாம் இவர்களுக்குப் பாதுகாப்பானவை.

இப்படிக்கு,
மயக்கவியல் மருத்துவர்கள் சிலர்