எம்ஆர்ஐ அறையில் அன்றிரவு உதவிய மருத்துவருக்கு நன்றி

என் தங்கைக்குத் திடீரென வலிப்பு வந்து, முதலில் எடுத்த சிடி ஸ்கேனில் மூளையில் வெண்மையாகத் தெரிந்த இடம் கட்டியாக இருக்கலாம் என்று சொல்லப்பட்ட அன்று, எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அன்றிரவு எம்ஆர்ஐ பிரிவில் பணியிலிருந்த கதிரியக்க மருத்துவரே, உங்கள் பெயரைக் கேட்கக்கூடத் தோன்றாமல் வந்துவிட்டோம், மன்னியுங்கள். கழற்ற வராத அவளுடைய மூக்குத்தியைப் பொறுமையாகக் கழற்றி, தாளில் மடித்து என் கையில் கொடுத்தவர் நீங்கள்தான்.

வழக்கமான படங்களோடு நிறுத்தாமல், பழைய இரத்தக்கசிவு விட்டுச்சென்ற இரும்புப் படிவைக் கருமையாகக் காட்டும் கூடுதல் படத்தையும் எடுக்கச் செய்தீர்கள். பிறகு என்னைத் திரையருகே அழைத்து, நடுவில் சோளப்பொரி போலத் திரண்டு, சுற்றிலும் கரிய வளையத்தோடு தெரிந்த இடத்தைப் பேனா முனையால் சுட்டி, இது பெரும்பாலும் கேவர்னோமா என்னும் இரத்தக்குழாய்க் குறைபாடுதான், புற்றுநோய் அன்று என்று விளக்கினீர்கள். அதனுள் இரத்தம் மிக மெதுவாக ஓடுவதால் ஆஞ்சியோகிராமில் அது பொதுவாகத் தென்படாது என்பதையும் உங்களிடமே அறிந்தேன். நரம்பியல் அறுவை மருத்துவரும் அதையே உறுதிசெய்தார். இப்போது வலிப்பு மாத்திரை மட்டுமே. அடுத்த எம்ஆர்ஐ ஆறு மாதம் கழித்து. நேற்று அவள் மூக்குத்தியை மீண்டும் அணிந்துகொண்டாள்.